அப்பாவோட ரைஃபிள்ல இருந்த ரெண்டு எழுத்து

“உப்பையுமாப்பா எடை போடுவீங்க?”

“கை சரியா இல்லம்மா. ஒரு தடவை பாத்துக்கறேன்.”

“நேத்து சீனியைப் போட்டீங்க. அதுக்கு முன்னாடி என் தலைவலி மாத்திரையைத் தட்டுல வெச்சீங்க. போட வேண்டிய அன்னிக்கு ஒழுங்கா போட்டிருந்தா இப்போ உப்புகிட்ட வந்து நிக்க வேண்டியதில்ல.”

“அன்னிக்கும் ஒழுங்காத்தான் போட்டேன்.”

“அப்போ அம்மா எங்கப்பா?”

தராசுத் தட்டு மேடையில உரசுற சத்தம் மட்டும் வெளிய கேட்டுச்சு.

“நான் மாமா வீட்டுக்குப் போறேன். அன்னிக்கு மாமா கையைப் புடிச்சு இழுக்கலைன்னா நானும் போயிருப்பேன். அவராவது நான் உயிரோட இருக்கணும்னு நினைச்சார்.”

“போம்மா. அங்க நல்லா இருப்ப.”

உள்ள பேசினது என் தங்கச்சி பொண்ணும் அவ அப்பாவும், அதான் எங்க மாப்பிள்ளை. நான் வாசல்ல செருப்பைக் கழட்டிட்டு நின்னுட்டிருந்தேன். கையில ஆரஞ்சுப் பை. ஆரஞ்சை நான் எப்பவும் ஒவ்வொண்ணா பொறுக்கித்தான் வாங்குவேன். தோல் இறுக்கமா இருக்கணும், கையில வெச்சா கனக்கணும். மாப்பிள்ளைக்கு ஆரஞ்சு பிடிக்கும். தங்கச்சி போனதுல இருந்து ஞாயித்துக்கிழமை ஆனா வாங்கிட்டுப் போறேன். ஒரு வாரம்கூட விட்டதில்ல.

குழுவுல இருக்கிற எல்லாருக்கும் வணக்கம். நான் வழக்கமா இவ்வளவு எழுத மாட்டேன்னு உங்களுக்கே தெரியும். ‘கட்டை மாத்தினது’, ‘வருஷம் சரி’, ‘எண்ணெய் போடுங்க, பாலிஷ் போடாதீங்க’ன்னு ஒரு வரியில முடிச்சுடுவேன். இன்னிக்குக் கொஞ்சம் பொறுமையா படிங்க.

புதுசா சேர்ந்தவங்களுக்குச் சொல்றேன். இங்க என்னை லென்ஸ் அண்ணேன்னு கூப்பிடுவாங்க. பழைய துப்பாக்கி படம் போட்டு இது எந்தக் காலம்னு கேட்டா, முத்திரையைப் பாத்து நான் சொல்லுவேன். அது என் தொழில் இல்ல. தொழில் பேர் வெட்டுறது. கோப்பை, கேடயம், பித்தளைப் பலகை, பேனா மூடி, எதைக் கொடுத்தாலும் எழுத்து வெட்டிக் கொடுப்பேன். எழுத்தை உலோகத்துல இறக்கத் தெரிஞ்சவனுக்கு, இறக்கின எழுத்தைப் படிக்கவும் வரும். அவ்வளவுதான் விஷயம். பெரிய மேதாவின்னு எல்லாம் யாரும் நினைச்சுக்காதீங்க.

போன வாரம் ஒரு தம்பி தன் வீட்டு ரைஃபிள் படம் போட்டு, “லென்ஸ் அண்ணே, இது எந்த வருஷம்? சுடலாமா?”ன்னு கேட்டிருந்தார். அதுக்குக் கீழ எல்லாரும் ‘அண்ணன் வருவார்’, ‘அண்ணன் சொன்னா கல்லுல வெட்டின மாதிரி’ன்னு எழுதியிருந்தீங்க. நான் வரல. ஏன் வரலைன்னு சொல்லத்தான் இது.

எங்க வீட்டுலயும் ஒரு ரைஃபிள் இருந்துச்சு. அப்பாவோடது.

அப்பா படையில இருந்தவர். கொஞ்சம் காலை இழுத்து இழுத்து நடப்பார். அந்த ரைஃபிள் முன்னறையில, கடிகாரத்துக்குக் கீழ மாட்டியிருக்கும். பனி விழுற ஒரு மலைக் கணவாயில, கூட இருந்தவங்க எல்லாம் விழுந்த பிறகு, விடியுற வரைக்கும் அவர் ஒருத்தரே நின்னாராம். “அன்னிக்கு என் பக்கத்துல முழிச்சுட்டு இருந்தது இது ஒண்ணுதான்”னு ரைஃபிளைக் காட்டிச் சொல்லுவார். அந்த இடம் வரும்போது குரல் தானா இறங்கும்.

இதெல்லாம் அவர் தங்கச்சிகிட்டதான் சொல்லுவார். அவளுக்கு அவர் வெச்ச பேர் சிப்பாய். “வாடி சிப்பாய், எங்க விட்டேன்?”னு கூப்பிடுவார். அவ ஓடிப் போய் கட்டில்ல ஏறி உக்காந்துக்குவா. நான் அதே அறையில மூலையில உக்காந்து வீட்டுப்பாடம் எழுதுவேன். எனக்கு அவர் பேரெல்லாம் வைக்கல. ‘டேய்’தான். அதுல குறை ஒண்ணும் இல்ல, நிறைய வீட்டுல அப்படித்தான்.

அந்தக் கதையைக் கேட்டே வளர்ந்ததாலயோ என்னவோ, தங்கச்சி துப்பாக்கி சுடுற கிளப்புல சேர்ந்தா. சும்மா சொல்லக் கூடாது, அவளுக்குக் கல்லு மாதிரி கை. ஊர் ஊரா போய் ஜெயிச்சா. ஜெயிச்ச கோப்பைல எல்லாம் பேர் வெட்டினது நான்தான். “அண்ணா, உன் கடைக்கு வியாபாரம் கொடுக்கத்தான் நான் ஜெயிக்கிறேன்”னு சொல்லுவா. “அப்போ தோத்தா நான் கடையை மூடிடணுமா?”ன்னு கேப்பேன். “மூடிட்டு என் பையைத் தூக்கிட்டு வா”ம்பா. கல்யாணம் ஆனதும் மாப்பிள்ளையையும் அதுல இழுத்து விட்டுட்டா. அவர் நகைக்கடையில எடை போடுற வேலை பாத்தவர். பழைய ரைஃபிளுக்கெல்லாம் இப்போ கடையில தோட்டா கிடைக்காதே, காலித் தோட்டாவுல வெடிமருந்தை அளந்து போட்டு நாமதான் செஞ்சுக்கணும். அதுக்கு முறையா லைசென்ஸ் வாங்கி அவளுக்காகவே கத்துக்கிட்டார். ஒரு குன்றிமணி எடைகூடக் கூடாது, குறையாது. அவர் கை அப்படி.

அப்பா படுக்கையில விழுந்த வருஷம் தங்கச்சி என் கடைக்கு வந்தா. “ஊர்ல இருக்கிறவன் ரைஃபிளுக்கெல்லாம் ஜாதகம் பாக்கற. அப்பாவோடதை இது வரைக்கும் தொட்டுப் பாத்திருக்கியா? அவர் பொறந்தநாளைக்கு அது எந்த வருஷம், எங்க செஞ்சது எல்லாம் ஒரு பித்தளைத் தகட்டுல வெட்டிக் கொடுண்ணா. கட்டிலுக்கு எதிர்ல மாட்டிடலாம்”னா.

அவ சொன்னது நியாயம்தான். நான் தொட்டுப் பாத்ததே இல்ல. அப்பா தொட விட மாட்டார்.

ஒரு மத்தியானம், வீட்டுல வேற யாரும் இல்லாதப்போ, அதைக் கழட்டி ஜன்னல் வெளிச்சத்துல வெச்சுப் பாத்தேன். இங்க பலரும் செய்யற தப்பு என்னன்னா, வருஷத்தைத் தேடிப் பிடிச்சதும் நிறுத்திடுவீங்க. வருஷம்ங்கறது அது எப்பப் பொறந்துச்சுன்னு மட்டும்தான் சொல்லும். அதுக்கப்புறம் என்ன வேலை பாத்துச்சு, எப்போ ரிப்பேருக்குப் போச்சு, எந்தக் கையில இருந்துச்சு, இதெல்லாம் மத்த முத்திரையிலதான் இருக்கும்.

மரக்கட்டையும் இரும்பும் சேர்ற வளையத்துல செஞ்ச இடமும் வருஷமும் தெளிவா இருந்துச்சு. அப்பா சொன்ன போருக்கு அது பொருந்துது. குழல் மேல சோதனை முத்திரை இருந்துச்சு, அதுவும் சரி. எனக்கு சந்தோஷமாத்தான் இருந்துச்சு. அப்புறம் கட்டையைத் திருப்பினேன். வலது பக்கம் ஒரு தோல் பட்டி ஒட்டியிருந்துச்சு. ஓரம் பிரிஞ்சிருந்ததால தூக்கிப் பாத்தேன். உள்ள வட்டமா ஒரு பள்ளம், மெழுகு ஊத்தி நிரப்பியிருந்தாங்க. அங்க ஒரு பித்தளை வில்லை இருக்கணும். எந்தப் படைப்பிரிவுங்கறது அதுலதான் இருக்கும். அதை யாரோ எடுத்திருக்காங்க.

வில்லையை எடுக்கிறவன் எதையோ மறைக்கிறான். அதனால மெதுவா, ஒவ்வொரு இடமா பாத்தேன். பல வருஷ எண்ணெய் அழுக்கை விலக்கினதும், தோட்டா போய் உக்கார்ற இடத்துக்கு மேல ரெண்டு எழுத்து தெரிஞ்சுது. தோட்டாவை உள்ள தள்ளி அடைக்கிற போல்ட்டோட பிடியிலயும் அதே ரெண்டு எழுத்து.

பழைய ஆட்களுக்கு இப்பவே புரிஞ்சிருக்கும். மத்தவங்களுக்குச் சொல்றேன். அந்த ரெண்டு எழுத்து இருந்தா, அது அணிவகுப்புப் பயிற்சிக்கு மட்டும்னு அர்த்தம். புதுசா சேர்ற பசங்க தோள்ல வெச்சு நடக்கப் பழகறதுக்கு. சுடறதுக்கு லாயக்கில்லைன்னு ஒதுக்கின ரைஃபிள் அது. எந்தக் கணவாய்க்கும் அது போயிருக்காது. போர்ல இருந்துச்சுன்னு சொல்லப்பட்ட காலத்துல அது ஏதோ ஒரு பயிற்சிப் பள்ளி சாமான் அறையில வரிசையா சாஞ்சு நின்னுட்டிருந்துச்சு. கூடவே அப்பாவும் அங்கதான் இருந்திருக்கார்.

“என்னடா, தெரிஞ்சுதா?”

தலையைத் தூக்கினேன். தூங்கறார்னு நினைச்சிருந்தேன். கண்ணைத் திறந்து என்னையே பாத்துட்டிருந்தார்.

“தெரிஞ்சுதுப்பா.”

போர்வைக்கு மேல காலைத் தடவிக்கிட்டார். அப்புறம் சொன்னார். “கால்ல விழுந்தது பெட்டி. சாமான் இறக்கறப்போ.”

“சரிப்பா.”

“சிப்பாய்க்குத் தெரிய வேணாம்டா. அவ முகத்தை என்னால பாக்க முடியாது.”

அவர் என்கிட்ட எதையும் கேட்டதில்ல. அதுதான் முதல் தடவை. நான் தலையாட்டினேன். அவர் திரும்பப் படுத்துக்கிட்டார், நிம்மதியா.

அப்புறம் நான் செஞ்சது பெரிய வேலை இல்ல. கோப்பையில பேரைத் தப்பா வெட்டிட்டா எப்படி எடுப்போமோ அதே மாதிரி அந்த ரெண்டு எழுத்தையும் ரெண்டு இடத்துலயும் தேய்ச்சு எடுத்தேன். எடுத்த இடம் தெரியாம நிறமும் ஏத்தினேன். தோல் பட்டியைத் திரும்ப ஒட்டினேன். அப்பா ஒரு அடையாளத்தை எடுத்தார், நான் மிச்சத்தை எடுத்தேன், அப்பாவும் பிள்ளையும் சேர்ந்து செஞ்ச ஒரே வேலை அது. தகட்டுல செஞ்ச இடத்தையும் வருஷத்தையும் மட்டும் வெட்டினேன். அதுல ஒரு எழுத்துகூடப் பொய் இல்ல. அவர் பொறந்தநாளைக்கு அதை எதிர்ச் சுவத்துல மாட்டினோம். தங்கச்சி ரைஃபிளை வாங்கி, வளையத்துல இருந்த வருஷத்தைத் தேடிப் படிச்சு, “அப்பா, போர் நடந்த காலத்துக்கு அப்படியே பொருந்துது”ன்னு அழுதா. அப்பா என்னைப் பாத்துச் சிரிச்சார். இந்த ஒரு சிரிப்புக்காகவே செய்யலாம்னு அன்னிக்குத் தோணுச்சு. நீங்களா இருந்தா செஞ்சிருக்க மாட்டீங்களா?

அந்த மழைக்காலத்துல அப்பா போயிட்டார். தூக்கத்துலயே போனார். நல்ல சாவு.

ரைஃபிளைத் தங்கச்சி தன் பேருக்கு மாத்திக்கிட்டா. அவருடைய அடுத்த பொறந்தநாள் வரப் போகுதுன்னதும் திரும்பக் கடைக்கு வந்தா. கிளப்புல ஒரே ஒரு தடவை அதைச் சுடணுமாம், அப்பா பேர்ல. சிநேகிதங்க எல்லாரையும் கூப்பிட்டிருந்தா. அவ ஒண்ணும் விளையாட்டுப் பொண்ணு இல்ல, துப்பாக்கி விஷயத்துல ரொம்பக் கறார். அதனாலதான் என்கிட்ட வந்தா.

“அண்ணா, நீ எல்லா முத்திரையும் பாத்திருக்க. சொல்லு. சுடலாமா?”

நான் ஒரு கேடயத்துல பேர் வெட்டிட்டிருந்தேன். தலையைத் தூக்கல. “முத்திரையில தடை ஒண்ணும் இல்ல”ன்னேன்.

யோசிச்சுப் பாத்தா, அந்த நேரத்துல அது உண்மைதான். முத்திரையில ஒண்ணும் இல்ல.

மாப்பிள்ளை தனியா ஒரு தடவை போன் பண்ணினார். “மச்சான், பழசு, அதனால பாதிக்குக் கொஞ்சம் மேல மட்டும் வெடிமருந்து போடறேன். போதுமில்ல?”ன்னார். “தாராளமா போதும் மாப்பிள்ளை”ன்னேன். அவர் மூணு தோட்டா செஞ்சார். மூணையும் ரெண்டு ரெண்டு தடவை எடை பாத்தார். எனக்குத் தெரியும், ஏன்னா நான் அன்னிக்குச் சாயந்தரம் அவர் வீட்டுலதான் டீ குடிச்சுட்டு உக்காந்திருந்தேன்.

அப்புறம் அந்தக் காலை. கிளப்புல சுடற மேடைக்குப் பின்னாடி கூரையைத் தாங்கற தூண் வரிசையா நிக்கும். எல்லாரும் அவ பின்னால கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்னாங்க. மாப்பிள்ளை பக்கத்துல நின்னார். அவ மக, அதான் அந்தப் பொண்ணு, போன்ல படம் எடுக்கக் கொஞ்சம் முன்னாடியே போய் நின்னா. தங்கச்சி ரைஃபிளைத் தோள்ல வெச்சதும் திரும்பி என்னைத் தேடினா. “அண்ணா, கோப்பை ஒண்ணு ரெடி பண்ணி வை”ன்னா. எல்லாரும் சிரிச்சாங்க.

போல்ட் பின்னாடி வந்துச்சு. நான் அதை இப்படித்தான் எழுத முடியும், மன்னிக்கணும். கண் இருந்த பக்கமா வந்துச்சு. ஆஸ்பத்திரிக்குப் போற வழியிலயே போயிட்டா. மாப்பிள்ளைக்கு ஒரு காது இப்பவும் கேக்காது. மத்தவங்க யாருக்கும் ஒண்ணும் இல்ல.

விசாரணைக்கு ஒரு அதிகாரி வந்தார். நல்ல மனுஷன். உடைஞ்ச பாகங்களை ஒரு பையில போட்டு என் கடைக்கே கொண்டு வந்தார். “நீங்க சொந்தக்காரர்னு தெரியும். ஆனா பழைய துப்பாக்கின்னா எல்லாரும் உங்களைத்தான் கை காட்டறாங்க”ன்னார்.

“சொந்தக்காரன்னா இன்னும் கவனமாத்தான் பாப்பேன் சார்.”

போல்ட் உள்ள போய்த் திரும்பினதும் மாட்டிக்கிறதுக்கு, காது மாதிரி ஒரு முனை உண்டு. அதுதான் தோட்டா வெடிக்கறப்போ எல்லா பலத்தையும் தாங்கும். அந்தக் காது முறிஞ்சிருந்துச்சு. முறிஞ்ச இடத்தைப் பாத்தா பாதி பளபளன்னு வெள்ளி மாதிரி, பாதி கறுப்பா இருந்துச்சு. குழுவுல இதையும் தெரிஞ்சு வெச்சுக்குங்க. பளபளன்னு இருக்கறது புதுசா உடைஞ்சது. கறுப்பா இருக்கறது பழைய விரிசல், எண்ணெயும் துருவும் இறங்கி வருஷக்கணக்கா ஆன விரிசல். அந்த ரைஃபிளை ஒதுக்கினதே அதுக்காகத்தான்.

“இது என்ன சார் கறுப்பா?”ன்னு அதிகாரி கேட்டார்.

“வெடிமருந்துப் புகை சார்”னு சொல்லி, துணியை எடுத்து நல்லாத் துடைச்சுக் கொடுத்தேன். துடைச்சப்போ கொஞ்சம் அழுத்தித்தான் துடைச்சேன்.

தோட்டாவுல வெடிமருந்து கூடப் போயிருக்கலாம்னு சொன்னேன். ‘இருக்கலாம்’னுதான் சொன்னேன். போச்சுன்னு சொல்லல. மாப்பிள்ளையைக் கூப்பிட்டுக் கேட்டாங்க. அவர் முதல்ல, எடை சரியாத்தான் இருந்துச்சுன்னார். அப்புறம், லென்ஸ் மச்சான் அப்படிச் சொன்னாரான்னு கேட்டிருக்கார். ஆமான்னதும் கொஞ்ச நேரம் தன் கையையே பாத்துட்டிருந்துட்டு, “அப்போ நானாத்தான் இருக்கும்”னு சொல்லிட்டார்.

வழக்கு பெருசா போகல. கவனக்குறைவுன்னு எழுதி, தோட்டா செய்யற லைசென்ஸை எடுத்துட்டாங்க. நகைக்கடையிலயும் அவரைத் தராசுகிட்ட விடறதில்ல. இப்போ வாசல்ல நின்னு வர்றவங்க பையை வாங்கி வைக்கிற வேலை. வீட்டுக்கு வந்தா கையில கிடைக்கிறதையெல்லாம் எடை போடறார். ஞாயித்துக்கிழமை போனா நான் கொண்டு போற ஆரஞ்சைக்கூடத் தட்டுல வைப்பார். நான் பக்கத்துல உக்காந்து, “விடுங்க மாப்பிள்ளை, மனுஷன் கைதானே, தராசு கொஞ்சம் சாஞ்சிருக்கும். யாரும் வேணும்னு செய்யறதில்ல”ன்னு முதுகைத் தடவிக் கொடுப்பேன். அவர் என் கையைப் புடிச்சுட்டு அழுவார். “நீங்க ஒருத்தர்தான் மச்சான் என்னை மன்னிச்சீங்க”ன்னுவார். அது எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கும். ஆனா போகாம இருக்க முடியல. நான் போகலைன்னா அவருக்கு வேற யார் இருக்காங்க?

ஒண்ணு சொல்ல விட்டுட்டேன். பயிற்சி ரைஃபிள்ல, தோட்டாவோட அடியைக் குத்தி வெடிக்க வைக்கிற ஊசியோட முனையை வெட்டித்தான் விடுவாங்க. தவறியும் யாரும் சுட்டுடக் கூடாதுன்னு. இதுலயும் வெட்டியிருந்துச்சு. முத்திரையை எடுத்த அன்னிக்கே பழைய சாமான் விக்கிறவர்கிட்ட ஒரு நல்ல ஊசி தேடி வாங்கி மாட்டினேன். பொறந்தநாளைக்குக் கொடுக்கிற பொருள் முழுசா இருக்கட்டுமேன்னுதான். மொட்டை ஊசியைப் பாத்தா அவ கேள்வி கேப்பா. அவளுக்குத் துப்பாக்கி தெரியும்.

விரிசலையும் அன்னிக்கே பாத்துட்டேன். முடி மாதிரி ஒரு கோடு. சுடாத வரைக்கும் அது யாரையும் ஒண்ணும் பண்ணாது.

அப்போ அவ வந்து சுடலாமான்னு கேட்டப்போ ஏன் வேணாம்னு சொல்லலைன்னு கேப்பீங்க. சொல்லியிருக்கலாம். ஏன்னு கேட்டிருப்பா. அப்பா கதையை உடைக்கணும், அப்பாவுக்குக் கொடுத்த வாக்கையும் உடைக்கணும். இதைத்தான் இத்தனை நாளா எனக்கே சொல்லிட்டிருக்கேன், நல்ல காரணம்தான். ஆனா பழசுன்னா விரிசல் இருக்கும்னு ஒரே வார்த்தை சொல்லியிருந்தா போதும். அப்பாவோட மானத்துக்கு ஒரு கீறலும் விழுந்திருக்காது. அவ சிரிச்சுட்டு ரைஃபிளை மாட்டிட்டுப் போயிருப்பா. இது எனக்குக் கேடயத்துல எழுத்து வெட்டிட்டிருந்த அந்த நிமிஷமே தெரியும்.

அன்னிக்கு மனசுல வேற ஒண்ணு ஓடிட்டிருந்துச்சு. அப்பா சொன்னாரே, அவ முகத்தைப் பாக்க முடியாதுன்னு. என் முகத்தை அவர் பாத்துட்டுதான் இருந்தார். லென்ஸை வெச்சுட்டு எதிர்லயே நின்னேன். எல்லாத்தையும் நான் தெரிஞ்சுக்கிட்ட பிறகும் அவர் கண்ணுல ஒரு மாத்தமும் இல்ல. என்கிட்ட வீரனா இருக்கணும்னு அவருக்கு ஒரு நாளும் தோணல. அவ கடைக்கு வந்து அப்பா பேர்ல சுடணும்னு சொன்னப்போ அவ முகம் எப்படி இருந்துச்சு தெரியுமா? நான் தலையைத் தூக்கலைன்னு எழுதினேன். தூக்கினேன். ஒரு தடவை பாத்துட்டுத்தான் குனிஞ்சேன்.

சிக்கிக்கும், சுடாது, எல்லார் முன்னாலயும் ‘க்ளிக்’னு நின்னுடும்னு நினைச்சேன். அப்படித்தான் நினைச்சேன்னு நினைக்கிறேன்.

இந்த ஞாயித்துக்கிழமை அந்தப் பொண்ணு நிஜமாவே பையைத் தூக்கிட்டு என் கூட வந்துட்டா. மாப்பிள்ளை கேட் வரைக்கும் வந்தார். “மச்சான், அவளுக்குத் தலைவலி வந்தா அரை மாத்திரைதான் கொடுக்கணும், முழுசு ஆகாது”ன்னு மட்டும் சொன்னார். கையில அந்தச் சின்னத் தராசு இருந்துச்சு. வெக்க மறந்துட்டு வந்திருக்கார்.

நேத்து மத்தியானம் சாப்பிடறப்போ பொண்ணு கேட்டா.

“மாமா, அன்னிக்கு என்னை எதுக்குத் தூணுக்குப் பின்னாடி இழுத்தீங்க?”

“வெயில்ல நிக்கறியேன்னுமா.”

அவ சிரிச்சா. “உங்களுக்கு என்னை மூணு வயசுப் பாப்பான்னே நினைப்பு.” ஒரு வாய் சாப்பிட்டா. அப்புறம் கை தட்டுலயே நின்னுச்சு. “அன்னிக்கு வெயில் இல்லையே மாமா. மேகமா இருந்துச்சு. வெளிச்சம் பத்தலைன்னு அம்மா கண்ணாடியைக்கூட மாத்தினாங்க.”

“அப்படியா? எனக்கு ஞாபகம் இல்லம்மா.”

“எல்லாரும் தூணுக்கு முன்னாடிதான் நின்னாங்க. நீங்க மட்டும் முதல்லயே அங்க போய் நின்னீங்க.”

நான் அவளுக்கு இன்னும் கொஞ்சம் சாதம் போட்டேன். அவ வேணாம்னு சொல்லல, சாப்பிடவும் இல்ல. எழுந்து கையைக் கழுவிட்டு உள் அறைக்குப் போயிட்டா. இதை எழுதறப்போ அங்கதான் இருக்கா. கொண்டு வந்த பையை இன்னும் பிரிக்கல. காலையில போன்ல யார்கிட்டயோ மெதுவாப் பேசற சத்தம் கேட்டுச்சு. “அப்பா, நான்தான்”னு ஆரம்பிச்சது மட்டும் காதுல விழுந்துச்சு.

ரைஃபிள் படம் போட்ட தம்பிக்கு: உங்க படத்துல போல்ட்டோட பிடியில ரெண்டு எழுத்து இருக்கு. அதைச் சுடாதீங்க. சுவத்துல மாட்டி வைங்க.

மத்தவங்களுக்கு ஒரு வேண்டுகோள். கீழ நான் ஒரு படம் போட்டிருக்கேன். அப்பா பொறந்தநாள் அன்னிக்கு எடுத்தது. தங்கச்சி ரைஃபிளை முகத்துக்குப் பக்கத்துல தூக்கிப் பிடிச்சிருக்கா, ஜன்னல் வெளிச்சம் சாய்வா விழுது. முத்திரையை மேல தேய்ச்சு எடுத்தாலும், அது குத்தின இடத்துல அடியில உலோகம் இறுகித்தான் இருக்கும். சாய்வான வெளிச்சத்துல சில சமயம் எழுத்தோட நிழல் தெரியும்னு பழைய ஆட்களுக்குத் தெரியும். என் கண்ணுக்கு ஒண்ணும் தெரியல, ஆனா எனக்கும் வயசாகுது. அவளுக்கு ரொம்பக் கூர்மையான கண். நிழல் இருந்திருந்தா அவ கட்டாயம் பாத்திருப்பா. பாத்திருந்தா, எல்லாம் தெரிஞ்சுதான் அப்பாவுக்காகச் சுட்டிருக்கா. அப்போ நான் ஒண்ணும் பண்ணலைன்னு ஆகுது, இல்லையா?

படத்தைப் பெருசு பண்ணி, தோட்டா உக்கார்ற இடத்துக்கு மேல நல்லாப் பாருங்க. அந்த ரெண்டு எழுத்து உங்களுக்குத் தெரியுதா, தெரியலையா? தயவு செஞ்சு பதில் போடுங்க. ஒருத்தராவது தெரியுதுன்னு எழுதுங்க, போதும். அறைக் கதவைத் திறக்கிற சத்தம் கேக்குது.